கடையில் வாங்கக் கூடாது

ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு கல்யாணத்துக்கு நிபந்தனை போடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். போட்டது. அதுவும் எப்படி?

"எனக்கு ஸ்ட்ராபெரி வாஃபிள் செஞ்சு தரணும். கடையில வாங்கக் கூடாது. மாவு கரைக்கிறதுலருந்து எல்லாமே வீட்லயே செய்யணும். நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். நல்லாச் செஞ்சுட்டா அவங்க நம்ம வீட்டுக்கு வரட்டும். இல்லைன்னா வேண்டாம்."

இதைப் பிள்ளையின் அப்பா ஜெயபாண்டி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னார். செல்லூரில் தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. என் நாத்தனார் சுபலட்சுமியை அவருக்குக் கேட்டிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் இப்படி ஒரு போன்.

"தப்பா எடுத்துக்கிறாதீக அண்ணே," என்றாராம். "எம்மக முனீஸ்வரி சரின்னு சொல்லாம நான் யாரையும் வீட்டுக்குள்ள கூட்டியாற மாட்டேன். அவ அம்மாவுக்குச் சாகும்போது அப்படி வாக்குக் குடுத்துருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மாவு அகப்பையைச் சுவரில் அடித்திருப்பேன். மாவு விற்கிறதற்கு இருந்தது, அதனால் அடிக்கவில்லை. பழங்காநத்தத்தில் பதினாறு வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். பெயர் அன்னக்கொடி. எங்கள் தெருவில் பாதி வீட்டு இட்லி என் கை மாவுதான்.

"ஏங்க, பொண்ணு பாக்க வாராகளா, ஓட்டலுக்கு மாஸ்டர் எடுக்க வாராகளா?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "ஒரு பொடிசு சொல்லுதுன்னு மீசை வச்ச ஆம்பள அதை அப்படியே போன்ல ஒப்பிக்கிறாரு. நீங்களும் கேட்டுக்கிட்டு, சரி மாப்ளன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீக!"

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கத்தும்போது அவருக்குத் திடீரென்று ஸ்கூட்டரைத் துடைக்கும் வேலை வந்துவிடும்.

சுபா மட்டும் சிரித்தாள். "நல்ல புள்ள மதினி," என்றாள். "தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு கேக்குது. நமக்கெல்லாம் அந்த வயசுல வாயே இல்லை."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் என் கோபம் பாதி இறங்கியது. அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சுபாவை முதலில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தோம். நாலு வருஷம் பிள்ளை இல்லை என்று ஒரு மாட்டுப் பொங்கலன்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கோர்ட், தீர்ப்பு எல்லாம் முடிந்தது. அந்த மகராசன் மறு கல்யாணம் செய்தும் இன்றைக்கு வரை பிள்ளை இல்லை. அதைக் கேள்விப்பட்டு நான் சந்தோஷப்பட்டேனா என்றால், கொஞ்சம் பட்டேன். சாமி மன்னிக்கட்டும்.

வந்தவள் ஒரு நாள்கூட மூலையில் உட்கார்ந்து அழவில்லை. படித்திருந்த படிப்புக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் எனக்கு மாவு பாக்கெட் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு, நாத்தனாரைத் தள்ளிவிடத் துடிக்கிற மதினி என்று. சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவள் போய்விட்டால் எனக்கு ஒரு கை போன மாதிரிதான். ஆனாலும் முப்பத்தாறு வயதில் ஒருத்தி அண்ணன் வீட்டில் பாக்கெட் கட்டிக்கொண்டே கிழவியாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளுக்கும் ஜெயபாண்டியைப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. அவர் போட்டோவைத் தன் போனில் இருந்து அழிக்காமல் வைத்திருந்தாள், அதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

சரி, வாஃபிள்.

எனக்கு அது என்னவென்றே தெரியாது. சுபா போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். கட்டம் கட்டமாக, ஜன்னல் கம்பி போட்ட ஆப்பம். "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றேன். "மாவு நம்ம வீட்டு சமாச்சாரம்தானடி. ஊத்துனா வரப்போகுது."

அதை ஊற்ற அச்சு வேண்டும் என்றார்கள். சுபாவுடன் லேபில் வேலை பார்க்கும் சுஃபியாவின் வீட்டில் ஒன்று கிடந்தது. அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து, பெட்டி பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தார்களாம். அடுப்பில் வைத்துத் திருப்பிப் போடுகிற மாதிரி இரண்டு தட்டு, நீளக் கைப்பிடி, கனமான இரும்பு. நான் அதைப் பார்த்ததும் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். புது தோசைக்கல்லைப் பழக்காமல் யாராவது ஊற்றுவார்களா? நல்லெண்ணெய் விட்டு, பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, கட்டம் கட்டமாகத் தேய்த்து மூன்று நாள் பழக்கினேன். கறுத்துப் பளபளவென்று வந்தது. பெருமையாக அவளிடம் காட்டினேன்.

சுபா மோந்து பார்த்தாள். "மதினி, இது இனிப்புப் பலகாரம்."

"அதனால என்ன? சுட்டா வாசம் போயிரும்."

முதல் ஒத்திகை வெள்ளிக்கிழமை. வெங்காய வாசம் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, இதற்குத் தேங்காய்ச் சட்னி இருந்தால் பிரமாதம் என்றார். அவரை ஸ்கூட்டர் துடைக்க அனுப்பினேன். சுபா அச்சைச் சுடுதண்ணீரில் நாலு முறை கழுவினாள். இரண்டாவது ஒத்திகையில் ஸ்ட்ராபெரித் துண்டுகளை மாவிலேயே போட்டாள். பழம் அச்சில் ஒட்டித் தீய்ந்துபோய், கத்தியால் சுரண்டும்படி ஆனது. அதன் பிறகு பழத்தைத் தனியாகச் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சி மேலே ஊற்றுவது என்று வைத்துக்கொண்டாள். முட்டையில் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்து, வெள்ளையைத் தயிர் மத்தால் கடைந்தாள். கை வலிக்க வலிக்க நுரை பொங்கும் வரை கடைந்தாள். அந்த நுரைதான் வாஃபிளை மெத்தென்று ஆக்குமாம்.

சனிக்கிழமை எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுட்டதெல்லாம் பாதிக்குப் பாதி பிய்ந்து வந்தது. மெதுவாக அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன்.

"சுபா, பைபாஸ் ரோட்டுல இதை விக்கிற கடை இருக்கு. உங்க அண்ணனை விட்டு நாலு வாங்கியாந்து பின்னால வச்சுக்குவோம். நீ ஒண்ணு ரெண்டு சும்மா ஊத்திக் காட்டு. புள்ள அந்தப் பக்கம் திரும்பும்போது தட்டை மாத்திப்புடலாம். எமகாதகியா இருந்தாலும் சின்னப் புள்ளதான?"

அவள் முகம் மாறிவிட்டது. "லேபுக்கு வார புள்ளைகட்ட நான் வலிக்காதுன்னு சொல்லவே மாட்டேன் மதினி. வலிக்கும், ஆனா பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்னுதான் சொல்லுவேன். பொய் சொன்னா அதுக மறுபடி கையை நீட்டாதுக. இந்தப் புள்ள வீட்டுக்குள்ள முத நாளே பொய் சொல்லிட்டுப் போனா, அப்புறம் அது எப்பக் கையை நீட்டும்?"

என் வாயை மூட வைக்கிற ஆள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்காக நான் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தயார் செய்தேன். சுபா ஒன்பது மணிக்கெல்லாம் வாஃபிள் மாவைக் கலந்துவிட்டாள். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, பால், உருக்கிய வெண்ணெய், முட்டை, கடைசியில் அந்த நுரை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய கொடைக்கானல் ஸ்ட்ராபெரியில் பாதியைக் காய்ச்சி வைத்தாள், பாதியைப் பச்சையாக வெட்டி வைத்தாள். மாவுப் பாத்திரத்தைக் கிரைண்டர் பக்கத்து மேடையில் மூடி வைத்துவிட்டுக் குளித்துச் சேலை மாற்றப் போனாள். அப்போது வீட்டில் எனக்கு நூறு வேலை. பஜ்ஜி எண்ணெய் காய்கிறது, மாவு வாங்க இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள், இவருக்கு வேட்டி கிடைக்கவில்லை.

அவர்கள் சரியாக வந்துவிட்டார்கள். மூன்றே பேர். ஜெயபாண்டி வெள்ளைச் சட்டையில் கூச்சத்தோடு நின்றார். அவருடைய அக்கா தங்கப்பொண்ணு கை நிறைய மல்லிகைப் பூவும் பழமும் வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் முனீஸ்வரி. இரட்டைச் சடை, மஞ்சள் கவுன், சிரிப்பில்லாத முகம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இல்லை, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மாதிரி இருந்தது.

"உக்காருங்க, மொதல்ல கேசரி சாப்பிடுங்க," என்றேன்.

"கிச்சன் எங்க?" என்று கேட்டது பிள்ளை.

"ஏ, வந்ததும் வராததுமா என்னடி இது?" என்று தங்கப்பொண்ணு அதட்டினாள். ஜெயபாண்டி தரையைப் பார்த்தார். நானே அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கை சில்லென்று இருந்தது.

முனீஸ்வரி கிரைண்டர் பக்கத்திலிருந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டது. சுபா அடுப்பைப் பற்றவைத்து அச்சை வைத்தாள்.

"நீங்க மட்டும்தான் செய்யணும்," என்றது. என்னைச் சுண்டுவிரலால் காட்டி, "அவங்க தொடக் கூடாது."

"நான் எதுக்குத் தாயி தொடப்போறேன்? தொடவே மாட்டேன்," என்றேன்.

"மைதா கடையில வாங்குனதா?"

"மைதா கடையில வாங்குனதுதான்," என்றாள் சுபா. "பழமும் கடையில வாங்குனது. மத்ததெல்லாம் நான் கலந்தது."

"கோதுமை வாங்கி நீங்களே அரைக்கலையா?"

எனக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சுபா கொஞ்சமும் சிரிக்காமல், "அரைக்கலாம். ஆனா கோதுமைலருந்து மைதா எடுக்கிற மெஷின் நம்ம வீட்ல இல்லை," என்றாள். பிள்ளை யோசித்துப் பார்த்து, அதை ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டியது.

முதல் வாஃபிள் மேல் தட்டில் பாதி, கீழ்த் தட்டில் பாதி என்று பிய்ந்து வந்தது. "மொத தோசை எப்பவும் கல்லுக்குத்தான்," என்று வாய்க்குள் சொன்னேன். அவள் மறுபடி வெண்ணெய் தடவினாள். மாவை ஊற்றி, மூடி, வீடியோவில் சொன்னபடி ஒரு பக்கம் எண்ணி, திருப்பி, இன்னொரு பக்கம் எண்ணினாள். பிள்ளையும் உதட்டுக்குள் எண்ணியது. திறந்தபோது வாஃபிள் முழுசாக, பொன்னிறமாக, ஒரு கட்டம் குறையாமல் வந்தது. எனக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

தட்டில் எடுத்து வைத்து, காய்ச்சிய ஸ்ட்ராபெரியை ஊற்றி, பச்சைத் துண்டுகளை மேலே அடுக்கினாள். அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிள்ளைக்குக்கூட ஒரு நொடி கண் விரிந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டது.

மென்றது. மெல்வதை நிறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

"என்ன தாயி?"

"உப்பு," என்றது மெதுவாக.

நான் பிய்ந்துபோன முதல் வாஃபிளிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டேன். பல்லில் கல்லுப்பு நறநறவென்றது. கடல் தண்ணீர்கூடக் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வாசலில் ஆள் நிற்கும்போது, எண்ணெய் காயும்போது, கிரைண்டர் பக்கத்தில் மூடி வைத்த மாவுப் பாத்திரம் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தேன். உப்பு ஜாடியில் கையை விட்டு அள்ளினேன். போட்டுவிட்டு, முழங்கை வரை விட்டு ஒரு கலக்குக் கலக்கி, புளிக்கட்டும் என்று மூடி வைத்தேன். பதினாறு வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. என் மனசு வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்குச் செய்துவிட்டது. அவள் கை வலிக்கக் கடைந்த நுரையும் அதோடு அமுங்கிப் போயிருக்கும்.

"அடிப்பாவி!" என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். "நான்தான் தாயி, நான்தான். அவ போடலை. நான் பாவி இட்லி மாவுன்னு நெனச்சு உப்பள்ளிப் போட்டுட்டேன். என்னைய என்ன வேணாலும் சொல்லு. அவளுக்கு ஒரு அரை மணி நேரம் குடு, மறுபடி கலக்கிருவா. இந்தா, முட்டை வாங்கியாரச் சொல்றேன்…"

"இருங்க மதினி," என்றாள் சுபா.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஜெயித்த பிள்ளை குதிக்க வேண்டும், இல்லையா? அது கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சுபா அடுப்பை அணைத்தாள். பட்டுச் சேலையோடு தரையில் குந்தி, முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "முனீஸ்வரி, உண்மையச் சொல்லு. இது நல்லா வந்திருந்தா உனக்குச் சந்தோசமா இருந்திருக்குமா?"

பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. "வீட்ல யாருக்கும் செய்ய வராதுன்னுதான் கேட்டேன். எங்க கிளாஸ்ல எல்லாரும் கடையிலதான் வாங்கிச் சாப்பிடுவாங்க." அவ்வளவுதான், அணை உடைந்தது. "நீங்க செஞ்சுட்டா நான் சரின்னு சொல்லணும்ல. நீங்க வந்தா உங்களை அம்மான்னு கூப்பிடணும்னு அத்தை சொல்லிட்டாங்க. எனக்கு அது வராது. அம்மான்னா எங்க அம்மாதான். அப்பா பாவம், ராத்திரி தனியாச் சோறு வடிக்கிறாரு, அதனால வேண்டாம்னும் சொல்ல முடியலை. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலை."

இவ்வளவு நேரம் இந்தச் சின்னதை எமகாதகி என்று திட்டிக்கொண்டிருந்தேனே!

சுபா சேலை முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். "அம்மான்னு கூப்பிட வேணாம். நான் உங்க அம்மாவும் இல்லை, அந்த இடத்துக்கு வரவும் மாட்டேன். எனக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அதனால பழக்கமும் இல்லை." நனைந்த முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "இப்ப நான் ஒண்ணு செய்யறேன். வாஃபிள் உப்புன்னு சொன்னா, திரும்பச் செய்யுன்னு உன்னைய மறுபடி இங்க உக்கார வச்சிருவாக. அதனால எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லைன்னு நானே போயிச் சொல்லிர்றேன். உன் மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாக. உங்க அப்பாவும் உன்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. சரியா?"

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளையே பார்த்தது.

சுபா எழுந்தாள். நான் குறுக்கே போய்க் கையைப் பிடித்தேன். "ஏய், உனக்கென்ன கிறுக்கா? உனக்கு அவரைப் பிடிச்சிருக்குல்லடி!"

"பிடிச்சிருக்கு மதினி," என்றாள். "அதுக்காக இந்தப் புள்ளைய அழவிட்டுட்டுப் போயிப் பொழைக்க முடியாது."

கையை உருவிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தங்கப்பொண்ணு கேசரியைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரும் ஜெயபாண்டியும் மோட்டாரைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். சுபா அவர்கள் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"எல்லாரும் என்னைய மன்னிக்கணும். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். தங்கப்பொண்ணு, "ஏம்மா, நாங்க வந்து காப்பிகூடக் குடிக்கலையே, அதுக்குள்ள என்னாச்சு?" என்றாள்.

ஜெயபாண்டி மட்டும் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். "எம்மக ஏதும் சொல்லிட்டாளா?"

"இல்லைங்க. அவ ஒண்ணுமே சொல்லலை. தங்கமான புள்ள. எனக்குத்தான் மனசில்லை."

என் நாத்தனார் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்காமல், முகம் மாறாமல் சொன்னாள். ஜெயபாண்டிக்கு அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரிங்க," என்றார். தங்கப்பொண்ணு பூப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பிடி உப்பால் ஒருத்தி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று மனசுக்குள்ளேயே கத்தத் தொடங்கினேன்.

அப்போது சமையலறைக் கதவுப் பக்கம் பாத்திரம் உரசுகிற சத்தம் கேட்டது.

முனீஸ்வரி வந்தது. பஜ்ஜிக்கு வைத்திருந்த பெரிய எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தது. தட்டில் வாஃபிள் நாலைந்து துண்டாகப் பிய்க்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஸ்ட்ராபெரிக் குழம்பு முழுவதும் கவிழ்க்கப்பட்டு, தட்டு விளிம்பு வரை ஓடியது. சிந்திவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தது. பெண் பார்க்க வந்தால் தட்டைப் பெண்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதை எடுத்து வந்தது அந்தப் பிள்ளை.

முதலில் அப்பாவிடம் நீட்டியது. பிறகு அத்தையிடம். பிறகு என் வீட்டுக்காரரிடம். யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

"ஏ ஆத்தி!" என்று தங்கப்பொண்ணு வாயைப் பொத்தினாள். "என்னடி இம்புட்டு உப்பு!"

"ஆமா, உப்புதான்," என்றது பிள்ளை. அது அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு, சுபாவின் முன்னால் போய் நின்றது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், அவளுடைய சேலைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டு பேசியது.

"அடுத்த தடவை எங்க வீட்ல செய்வோம். உப்பு நான் போடுறேன்."

ஜெயபாண்டி கையிலிருந்த துண்டை முழுசாக வாயில் போட்டு மென்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. உப்பினால்தான் என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பார். நான் மறைக்கவில்லை, ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர், "இந்தா, சும்மா இரு," என்று தோளில் தட்டினார். அவர் குரலும் சரியாக இல்லை.

சுபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இருவர் முகமும் நேருக்கு நேராக இருந்தது.

"எம்புட்டுப் போடுவ?" என்று கேட்டாள்.

முனீஸ்வரி பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டிக் காட்டியது.

"இம்புட்டுத்தான்."